கோபுலுவின் கோடு: தஞ்சாவூர் வீதியும் மெட்ராஸ் பிளாக்கும்

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கோபுலு எங்கள் கல்லூரியில் படித்தவர் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர் படங்களைப் பார்த்தேன். தொடர்கதைக்கும் ஜோக்குக்கும் போட்ட படங்கள்தானே? சம்பளத்துக்கு வாரா வாரம் வரைந்து கொடுத்தவரை ஓவியர் வரிசையில் வைக்கலாமா? என்னைப் போன்றவன் அவரிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?"

கேள்வி கொஞ்சம் வம்பானதுதான், ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஓவியன் இல்லை, அச்சகத்துக்காரன். கும்பகோணத்தில் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மிஷின் ஓடிய காலத்திலிருந்து பிளாக்கோடும், அதாவது படம் அச்சடிக்கிற தகட்டுக் கட்டையோடும், மையோடும் மாரடித்தவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புக், அப்புறம் பைண்டிங். அதனால் நான் சொல்வதெல்லாம் மிஷின் பக்கத்திலிருந்து பார்த்ததாகத்தான் இருக்கும். உங்கள் ஆசிரியர்கள் வேறு மாதிரி சொல்லலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஸ். கோபாலன் என்கிற கோபுலு 1924 ஜூன் 18-ல் தஞ்சாவூரில் பிறந்தார். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தார். நாற்பதுகளில் ஆனந்த விகடனில் சேர்ந்தார். அறுபதுகளில் அதை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். எழுபதுகளில் 'ஆட் வேவ்' என்று சொந்தமாக விளம்பர நிறுவனம் தொடங்கினார். கடைசி வரை பல பத்திரிகைகளுக்கும் வரைந்துகொண்டே இருந்தார். 2015 ஏப்ரல் 29-ல் சென்னையில் காலமானார். கலைமாமணி உட்பட விருதுகள் உண்டு. இவ்வளவும் எங்கே தேடினாலும் கிடைக்கும். இதை எழுதி உங்கள் கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகாது.

அந்தக் காலத்து மெட்ராஸ் பத்திரிகை உலகம் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். விகடனை 1928-ல் வாங்கி நடத்திய எஸ்.எஸ். வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். அதில் ஆசிரியராக இருந்து, பிறகு 1941-ல் தன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கிய கல்கி, மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலம். கல்கிக்குப் பிறகு விகடனைத் தாங்கிய தேவன், திருவிடைமருதூர். மவுண்ட் ரோடில் உட்கார்ந்துகொண்டு பாதி தஞ்சாவூர் ஜில்லாவை அச்சடித்துக் கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. கதையில் வரும் மாமாவும் மிராசுதாரும் சமையல்காரரும் காவிரித் தண்ணீர் குடித்தவர்கள். அவர்களை வரைய, அவர்களைப் பார்த்து வளர்ந்த ஒரு கை தேவைப்பட்டது. கோபுலு அங்கே போய்ச் சேர்ந்ததில் திறமைக்குப் பங்கு உண்டு, ஊருக்கும் பங்கு உண்டு.

அவரைக் கண்டெடுத்தவர் மாலி. புல்லாங்குழல் மாலி இல்லை, அவர் நம் திருவிடைமருதூர். இவர் விகடனில் கார்ட்டூன் போட்ட மாலி. இளைஞர்களைப் பிடித்து வந்து பெயரும் வைத்து விடுவார். ஸ்ரீநிவாசனை 'சில்பி' ஆக்கியதும் கோபாலனை 'கோபுலு' ஆக்கியதும் அவர்தான். அவர் கோபுலுவுக்குக் கொடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? திருவையாற்றுக்குப் போய், தியாகராஜர் பூஜித்த ராம பட்டாபிஷேகத்தை நேரில் பார்த்து வரைந்து வா என்றார். 1941 தீபாவளி மலருக்கு. கோபுலுவுக்கு அப்போது வயது 17. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு கூப்பிடு தூரம்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்களைத் தாண்டினால் வந்துவிடும். வேலை நடந்த இடம் பிறந்த ஊருக்குப் பக்கம், படம் வெளிவரப்போவது மெட்ராஸில். பிற்பாடு அவர் செய்த காரியம் முழுவதுமே இந்த மாதிரி அமைந்ததுதான்.

மாலி நினைத்திருந்தால் தன் மேஜையிலேயே ஏதாவது ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொல்லியிருக்கலாம். அங்கே போய் உட்கார்ந்து பார் என்று அனுப்பினார் பாருங்கள், அதில்தான் பாடம் இருக்கிறது. பத்திரிகை ஓவியம் என்றால் மனசிலிருந்து கொட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். கொட்டலாம்தான். ஆனால் மனசுக்குள் முதலில் நிரப்பியிருக்க வேண்டும்.

இனி பிளாக். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் கோபுலுவின் கோடு புரியாது.

நீங்கள் இப்போது ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறீர்கள். தாளில் என்ன இருக்கிறதோ அது வந்துவிடுகிறது. அன்று அப்படி இல்லை. ஓவியர் இந்தியன் இங்க்கில் அட்டையில் வரைவார், அச்சில் வரவேண்டிய அளவைவிடப் பெரிதாக, ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. அது பிளாக் மேக்கரிடம் போகும். அவர் பெரிய கேமராவில் அதைச் சுருக்கிப் படம் பிடித்து, நெகட்டிவை ஒளிபட்டால் இறுகும் மருந்து பூசிய துத்தநாகத் தகட்டின் மேல் பதிப்பார். கோடு இருக்கும் இடம் இறுகிக்கொள்ளும். பிறகு தகட்டை நைட்ரிக் ஆசிடில் போடுவார். கோடில்லாத இடத்தையெல்லாம் ஆசிட் அரித்துவிடும், கோடு மட்டும் மேடாக நிற்கும். தகட்டை மரக்கட்டையில் ஆணியடித்து எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்த உயரம் 23 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கொஞ்சம் தாழ்ந்தால் படம் மங்கும், கொஞ்சம் உயர்ந்தால் தாளைக் குத்தும். அடியில் காகிதத் துண்டு ஒட்டி ஒட்டிச் சரிபண்ணியே எங்கள் வாழ்க்கையில் பாதி போயிற்று. இதுதான் லைன் பிளாக்.

லைன் பிளாக்குக்குச் சாம்பல் நிறம் தெரியாது. கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. நிழல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கிப் போட வேண்டும். அங்கேதான் ஆபத்து. நெருக்கிப் போட்ட கோடு சுருங்கும்போது இன்னும் நெருங்கும். நியூஸ்பிரிண்ட் தாளோ மையை உறிஞ்சிப் பரப்பும். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்த வெள்ளை காணாமல் போய், மாமியின் புடவை மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு வந்து உட்காரும். வாஷ் போட்டு, அதாவது மையைத் தண்ணீரில் கரைத்து மென்மையாக நிழல் போட்டு வரைந்தால் ஹாஃப்டோன் பிளாக் செய்ய வேண்டும். அது படத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கும். வழவழப்பான ஆர்ட் பேப்பருக்கு அங்குலத்துக்கு 120, 133 வரிசைப் புள்ளி விழும் நுண்ணிய ஸ்கிரீன் போடலாம், வழவழவென்று வரும். நியூஸ்பிரிண்டில் 65 போலப் பெரிய புள்ளிதான் தாங்கும். முகமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். கலர் என்றால் மூன்று நான்கு பிளாக், மூன்று நான்கு முறை அச்சு. அந்தச் செலவு அட்டைக்கும் தீபாவளி மலருக்கும்தான் கட்டுப்படியாகும்.

ஆக, வாராவாரம் உள்பக்கத்துக்கு வரைகிறவன் முன்னால் ஒரே வழிதான்: கோடு. அதுவும் குறைவான கோடு. கோபுலு படத்தை எடுத்துப் பாருங்கள். வேட்டியின் விளிம்பு ஓரிடத்தில் தடித்து, வளைவில் மெலிந்து, இடையில் அறுந்து, மறுபடி தொடரும். அறுந்த இடத்தில் நம் கண்ணே கோட்டைப் போட்டுக்கொள்கிறது. கறுப்பை எங்கே மொத்தமாகக் கொட்டுவது என்பதிலும் கணக்கு இருக்கும். பெண்ணின் பின்னல், குடையின் உள்பக்கம், சட்டை மேல் போடும் கோட்டு, கதவுக்குப் பின்னாலுள்ள இருட்டு. அந்த ஒரு கறுப்பு பக்கத்தையே பிடித்து நிறுத்தும், மற்றதெல்லாம் காற்றோட்டமாக இருக்கும். பிளாக்கில் அடைத்துக்கொள்ளாத படம், மட்டமான தாளிலும் தெளிவாக வரும் படம். இதை அழகுக்காக மட்டும் செய்தார் என்று நீங்கள் எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆசிட் தொட்டியும் நியூஸ்பிரிண்டும் போட்ட கட்டுப்பாட்டுக்குள் அழகைத் தேடிய கை அது. உங்கள் கல்லூரியில் உயிர்க்கோடு என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அதில் பாதியைச் சொல்லிக் கொடுத்தது மெட்ராஸ் பிளாக் மேக்கர்தான் என்பது என் கட்சி.

மீதிப் பாதி தஞ்சாவூர் வீதி. அதற்கு வருகிறேன்.

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் எழுதிய தில்லானா மோகனாம்பாள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், சினிமாவாகவாவது. கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரம் நாகஸ்வரக்காரன். நாயகி திருவாரூர் மோகனாம்பாள் நாட்டியக்காரி. சிக்கல் நாகப்பட்டினத்துக்குப் பக்கம், திருவாரூர் அங்கிருந்து கொஞ்ச தூரம். அந்தத் தொடருக்குப் படம் போட்டவர் கோபுலு. இதில் உள்ள கஷ்டத்தை யோசியுங்கள். நாகஸ்வரத்தைப் பார்க்காத ஊர்க்காரனுக்கு வரைந்தால் எப்படி வேண்டுமானாலும் வரையலாம். இதைப் படிக்கப் போவதோ தஞ்சாவூர் ஜில்லா. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறவர்களும், திருவாவடுதுறையில் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைத் தரையில் உட்கார்ந்து கேட்டவர்களும் அதே பத்திரிகையைத்தான் புரட்டுகிறார்கள். உலவு என்கிற மரக்குழல் எவ்வளவு நீளம், அடியிலுள்ள அணசு எவ்வளவு விரியும், மேல்முனைக் கெண்டையிலிருந்து சீவாளிகள், அதாவது ஊதும் நாக்குகள், கொத்தாக எந்த இடத்தில் தொங்கும், வாசிக்கும்போது கன்னம் எப்போது உப்பும், எப்போது ஒடுங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். தவில்காரர் எந்தக் கையில் கழி பிடிப்பார், எந்தக் கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார் என்பதை மாற்றிப் போட்டால், மறுநாள் காலை டீக்கடையிலேயே மானம் போய்விடும்.

சாமான்களைச் சரியாக வரைவது கூடப் பெரிதில்லை, அதைப் பார்த்து வரைந்துவிடலாம். உட்காரும் தோரணை இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். பெரிய வித்வான் மேடையில் உட்காருவதற்கும், சுருதிக்கு ஒத்து ஊதும் பையன் பின்னால் உட்காருவதற்கும் உடம்பு முழுக்க வித்தியாசம் உண்டு. முன்னவர் முதுகு தானாக நிமிரும். பின்னவன் தோளை உள்ளே இழுத்துக்கொள்வான். அவையில் முன்வரிசைப் பெரிய மனிதர் வெற்றிலைப் பெட்டியை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஒரு முழங்காலை நட்டு உட்கார்ந்திருப்பார். கோபுலு வரைந்த கூட்டத்தில் முகத்தை எல்லாம் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், யார் யார் என்று சொல்லிவிடலாம்.

அந்தத் தொடர் வந்த காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் தனியே எடுத்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்ட் செய்து வைப்பார்கள். பெண்கள்தான் பெரும்பாலும் இதில் கறார். பைண்டிங்குக்குக் கொண்டுவந்து கொடுக்கும்போது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "படம் வெட்டுப்படாம பாத்துக்குங்க." எழுத்து ஒரு வரி போனாலும் மன்னித்துவிடுவார்கள். படத்தின் ஓரம் கத்தியில் போயிற்றென்றால் அவ்வளவுதான், கூலியில் கைவைப்பார்கள். 1968-ல் சிவாஜி, பத்மினி, நாகேஷ் நடித்துப் படம் வெளிவந்தபோது ஜனங்கள் மனசில் சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் ஏற்கெனவே முகம் இருந்தது. சினிமாக்காரர்கள் அந்த முகத்தோடு போட்டி போட வேண்டியிருந்தது. சம்பளத்துக்கு வரைந்தவர் என்று நீங்கள் சொன்ன ஆளின் செல்வாக்கு அந்த அளவுக்கு இருந்தது.

தொடர்கதைக்குப் படம் போடுவதில் இன்னொரு சூட்சுமம் உண்டு, அதைக் கல்லூரியில் யாரும் பரீட்சையில் கேட்க மாட்டார்கள். அத்தியாயம் கைக்கு வருவதே கடைசி நேரத்தில். படித்ததும் எந்தக் கணத்தை வரைவது என்று முடிவு பண்ண வேண்டும். கத்தி பாய்கிற கணத்தை வரைந்தால் கதை போட்டு உடைந்துவிடும், ஏனென்றால் வாசகர் முதலில் பார்ப்பது படத்தைத்தான். ஒன்றுமே நடக்காத கணத்தை வரைந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவார். ஆகவே நடப்பதற்கு ஒரு நொடி முன்னால், அல்லது நடந்து முடிந்து எல்லோரும் திகைத்து நிற்கும்போது. இந்தத் தேர்வில் கோபுலு கெட்டிக்காரர். கதவைத் திறக்கப் போகிற கை, திரும்பிப் பார்க்கிற கழுத்து. என்னவோ நடக்கப் போகிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கதையைப் படிக்கிறோம்.

நகைச்சுவைக்கு வந்தால் அவர் ராஜா. வசனமே இல்லாத ஜோக்குகளைச் சொல்கிறேன். கீழே ஒரு வரி எழுதிச் சிரிக்க வைப்பது எழுத்தாளர் வேலை. எழுத்தில்லாமல் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் கணவன் தோளும் மனைவி இடுப்பில் வைத்த கையும் பேச வேண்டும். தேவனின் துப்பறியும் சாம்புவுக்கு முதலில் படம் போட்டவர் ராஜு. பிற்பாடு அது சித்திரத் தொடராக வந்தபோது வரைந்தவர் கோபுலு. பேங்க் குமாஸ்தா சாம்பு அசட்டுத்தனமாக ஏதோ செய்வான், அது குருட்டு அதிர்ஷ்டத்தில் கேஸைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். கட்டத்துக்குக் கட்டம் அந்த அசடு வழியும் முகத்தை மாறாமலும், அலுக்காமலும் கொண்டுபோக வேண்டும். முயன்று பாருங்கள், ஒரே முகத்தைப் பத்துக் கோணத்தில் வரைவது எவ்வளவு பாடு என்று தெரியும்.

சாவி எழுதிய வாஷிங்டனில் திருமணம் இன்னொரு உதாரணம். 1963-ல் விகடனில் வந்தது. நம் பக்கத்துக் கல்யாணம் ஒன்றை அப்படியே கிளப்பிக்கொண்டு போய் அமெரிக்காவில் நடத்துகிறார்கள், ராக்ஃபெல்லர் சீமாட்டி செலவில். எழுத்தில் பாதி வேடிக்கை என்றால் படத்தில் மீதி. சாஸ்திரிகளும் சம்பந்திகளும் வாஷிங்டனில் நின்றாலும், நிற்கிற நிலையில் கும்பகோணம் மாறாமல் இருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் அருகில் இருப்பதால் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

வீதி என்றேனே, அதற்கு ஒரு சின்ன உதாரணம் போதும்: துண்டு. டெல்டாவில் துண்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. மிராசுதார் தோளில் அது மடிப்புக் கலையாமல் கிடக்கும். கணக்குப்பிள்ளை தோளில் இருக்கும் துண்டு முதலாளியைப் பார்த்ததும் கைக்கு இறங்கும். பண்ணையாள் துண்டு இடுப்பில், அல்லது கக்கத்தில். சமையல்காரர் துண்டு தலையில் அல்லது வயிற்றைச் சுற்றி. சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டு எழுந்தால் துண்டை ஓர் உதறு உதறித் தோளில் போடுவார்கள், அந்த உதறலிலேயே கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கும். கோபுலு படங்களில் துண்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனால், யார் யாருக்கு அடங்கினவர், யார் யாரிடம் எகிறுகிறார் என்று கதையைப் படிக்காமலே சொல்லலாம். இதெல்லாம் மாடல் வைத்து வரைந்து வருவதில்லை. மேல வீதியிலும் கீழ வீதியிலும் தேர் வரும்போது கூட்டத்தில் நின்று பார்த்ததுதான்.

நீங்கள் கும்பகோணத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ராமசாமி கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்திருக்கிறீர்களா? சுவர் முழுக்க ராமாயணம், ஒரு காட்சிக்குப் பின் அடுத்த காட்சியாகப் படம் படமாக ஓடுகிறது. நடந்துகொண்டே படிக்க வேண்டிய தொடர்கதை அது. கதையைப் படத்தில் சொல்லும் பழக்கம் இந்த ஊருக்கு விகடன் வந்த பிறகு வந்ததில்லை. தஞ்சாவூர் ஓவியங்களும் அப்படித்தான். கண்ணாடி பதித்து, தங்கத் தாள் ஒட்டிய அந்தக் கிருஷ்ணர்கள் எல்லாமே ஆர்டர் வேலை. பணம் கொடுத்தவர் எந்த அளவு, எத்தனை தங்கம் என்று சொன்னார், வரைந்து கொடுத்தார்கள். இன்று அதை மியூசியத்தில் வைக்கிறோம். 'சம்பளத்துக்கு வரைந்தவர்' என்பதை ஒரு குறையாகச் சொன்னீர்களே, அந்த அளவுகோலால் அளந்தால் தஞ்சாவூரில் ஓவியன் என்று யாருமே மிஞ்ச மாட்டான்.

கூட இருந்தவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களை வரைந்தார். 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று விகடனில் தொடராக வந்தது. கல்லின் எடையைத் தாளில் கொண்டுவந்தவர் அவர். மணியம் கல்கியில் 1950-லிருந்து பொன்னியின் செல்வனுக்கு வரைந்தார். சோழர்கள் எப்படி இருந்தார்கள் என்று இன்று தமிழர் மனசில் இருக்கும் பிம்பத்தில் பெரும்பங்கு அவருடையது. சில்பிக்குத் தெய்வம், மணியத்துக்கு ராஜா, கோபுலுவுக்கு மனுஷன். என்னைக் கேட்டால் மூன்றிலும் மனுஷன்தான் கஷ்டம். வந்தியத்தேவனை யாரும் பார்த்ததில்லை, தப்பு கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து வீட்டு மாமாவை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

குறையே இல்லையா என்றால், உண்டு. அவருடைய இளம்பெண்கள் பலரும் அக்கா தங்கை மாதிரி இருப்பார்கள். அதே மூக்கு, அதே விழி. கிழவிகளை அவர் எவ்வளவு விதமாக வரைந்தார் என்று பார்த்தால் இந்தக் குறை இன்னும் உறுத்தும். அழுகையும் துரோகமுமாக வரும் கனமான கதைகளில் அவர் கோடு சில சமயம் வேறு யாருடையதோ போல இறுகிப்போகும். இன்னொன்று, இது அவர் மேல் மட்டும் போடக்கூடிய பழி இல்லை, அந்தக் காலத்து வெகுஜனப் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் உரியது. அந்தப் பக்கங்களில் திண்ணை வந்தது, கூடம் வந்தது, கொல்லைப்புறம் வரைகூட வந்தது. வயல் வந்தால் அநேகமாகத் தூரத்தில், பின்னணியாக. நாற்று நட்டவர்கள் நடுப்பக்கத்துக்கு வரவில்லை. கக்கத்தில் துண்டை இடுக்கி நின்றவனுடைய வீட்டுக்குள் எந்தத் தொடர்கதையும் போகவில்லை, படமும் போகவில்லை.

அங்கே போனவர் உங்கள் கல்லூரியிலேயே பிற்காலத்தில் படித்த ஓவியர் இளையராஜா. கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பல் ஊர்க்காரர். அடுப்படியிலும் வாசற்படியிலும் உழைக்கிற நம் பக்கத்துப் பெண்களை முன்னால் கொண்டுவந்து, மேலே விழும் வெயிலோடு எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பத்திரிகைக் கதைகளோடும் அவர் படங்கள் வந்தன. 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. கோபுலுவையும் இளையராஜாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஆற்றின் இரண்டு கரை தெரியும்.

விளம்பர வாழ்க்கையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. குறைவான கோட்டில் நிறைய சொல்லப் பழகியவருக்கு லோகோ வேலை இயல்பாகக் கைவரும். குங்குமம் பத்திரிகையின் சின்னமும், சன் டி.வி.யின் சின்னமும் அவர் போட்டவை. கோபுலு என்ற பெயரே கேள்விப்படாத வீடுகளிலும் தினமும் மாலை அவர் கை டி.வி.யில் தெரிந்தது. ஜெயகாந்தன் கதைகளிலிருந்து தீபாவளி மலர் அட்டை வரை, விகடனை விட்ட பிறகும் பத்திரிகைகள் அவரை விடவில்லை. எண்பதுகளில் ஆஃப்செட் வந்து, கலரும் வாஷும் சுலபமாகிவிட்டன. மாருதி, ஜெயராஜ், மணியம் செல்வன் என்று அடுத்த வரிசை அதில் ஆடிக் காட்டியது. கோபுலுவோ தன் கோட்டை விட்டு நகரவில்லை. வசதி வந்ததே, இன்னும் கொஞ்சம் நிழல் போடுவோம் என்று தோன்றவில்லை பாருங்கள்.

வயதான பிறகு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கோடு ஒன்றையே சொத்தாக வைத்திருந்தவருக்கு இதைவிடப் பெரிய இடி இல்லை. இடது கையால் பழகிக்கொண்டு வரைந்தார். இதைச் சொல்லிக் கண்ணீர் வரவழைக்க எனக்கு விருப்பமில்லை. ஓவியம் கற்கிறவன் இதில் கவனிக்க வேண்டியது வேறு. இடது கைக்கு அந்த லாகவம் வரக் காலம் பிடிக்கும். ஆனால் எந்தக் கோட்டைப் போடுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பது கை இல்லை. முடிவெடுக்கிற மனசு பழுதாகவில்லை.

சரி, கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். போனில் பார்த்து இதைக் கற்க முடியாது. போனில் நீங்கள் பார்ப்பது யாரோ பைண்டு வால்யூமிலிருந்து எடுத்து, வெளிச்சம் கூட்டி, மஞ்சளை அழித்துப் போட்ட நகல். பழைய இதழையே கையில் எடுக்க வேண்டும். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் இருக்கிறது, கும்பகோணத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலை திரும்பிவிடலாம். சென்னைக்குப் போனால் ரோஜா முத்தையா நூலகம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு நல்ல பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளின் விகடனில் ஒரே வாரத்து இதழில் கோபுலுவின் லைன் படம் ஒன்றையும், வேறு யாராவது வாஷில் போட்ட ஹாஃப்டோன் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது அடைத்திருக்கிறது, எது அறுபது எழுபது வருஷம் கழித்தும் மூச்சு விடுகிறது என்று தெரியும்.

அப்புறம் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, கூட்டம் இருக்கிற படமாக இருக்கட்டும், அப்படியே நகல் எடுத்து வரையுங்கள். பென்சில் வேண்டாம், தொட்டெழுதும் நிப்பும் மையும். இரண்டு மடங்கு அளவில் வரைந்து, ஜெராக்ஸ் கடையில் பாதியாகச் சுருக்கிப் பாருங்கள். உங்கள் கோடு எங்கே ஒட்டிக்கொள்கிறது, அவர் எங்கே இடம் விட்டிருக்கிறார் என்று அப்போது பிடிபடும். அதை முடித்துக்கொண்டு சாயங்காலம் மகாமகக் குளக்கரையில் போய் உட்கார்ந்து, வருகிற போகிறவர்கள் துண்டை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வரையுங்கள். இப்போது துண்டு குறைந்துவிட்டது, செல்போனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். மேலதிகாரி கூப்பிட்டால் ஒரு மாதிரி, பெண்டாட்டி கூப்பிட்டால் ஒரு மாதிரி பிடிப்பார்கள். வரைந்ததைக் கொண்டுவந்தால் நானும் பார்க்கிறேன்.